பளபளப்புக்கு அடியில்: ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டும் இரண்டு பட்டறைகளும்

எங்கள் தாத்தாவின் காரை இரண்டு முறை புதுப்பித்தோம். முதல் முறை 11 மாதம் ஒரு பட்டறையில் நின்று, 3 லட்சம் ரூபாயை விழுங்கி, முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளவென்று வீடு திரும்பியது. ஏழாவது வாரம் பின் சக்கரம் பஞ்சர். தம்பி ஜாக்கி வைத்துத் தூக்கினான். ஜாக்கி உயர்ந்தது, வண்டி உயரவில்லை. கரகரவென்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் சேசிஸின், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தின், பக்கக் கிளைக்குள் (நடுத் தண்டிலிருந்து பக்கவாட்டில் நீண்டு பாடியைத் தாங்கும் இரும்புக் கை) ஜாக்கியின் தலை புகுந்து நிற்கிறது. உள்ளேயிருந்து இரண்டு கை அள்ளுகிற அளவுக்குத் துருப்பொடி கொட்டியிருந்தது. மேலே மட்டும் புத்தம் புதிய கறுப்புப் பூச்சு, ஒரு கீறல் இல்லாமல்.

இரண்டாவது முறை வேறொருவரிடம் கொடுத்தோம். அந்த வேலை இன்றும் நிற்கிறது. இந்த இரண்டு தேர்வுகளையும், நடுவில் கற்றுக்கொண்டதையும், கணக்கோடு எழுதி வைக்கிறேன். பழைய வண்டியை வீட்டில் வைத்துக்கொண்டு, யாரை நம்பிக் கொடுப்பது என்று தெரியாமல் நிற்கும் குடும்பங்கள் நிறைய. நாங்களும் அப்படித்தான் நின்றோம்.

வண்டி

1966-இல் தாத்தா தஞ்சாவூரில் வாங்கிய இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அவர் டாக்டர். ராத்திரி கிராமத்துக்குப் போய்ப் பிரசவம் பார்க்க இந்த வண்டிதான். முன் கண்ணாடியின் ஓரத்தில் சிவப்புச் சிலுவை ஒட்டியிருப்பார். 1994-இல் அவர் போன பிறகு வண்டி கொல்லைப்புறக் கொட்டகையில் நின்றுவிட்டது. 2019-இல் வீட்டைப் பாகம் பிரித்தபோது அம்மா கேட்டது இந்த வண்டியை மட்டும்தான்.

ஹெரால்டு நம் ஊர்க் கார். சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1961-இலிருந்து தயாரித்தது. மூலம் இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு. 1959-இல் வந்தது. வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் ஜோவான்னி மிகெலோட்டி. 948 சிசி நான்கு சிலிண்டர் என்ஜின். பானட்டும் முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கமாகச் சாயும். அதைத் திறந்தால் முன் சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும், அதனால் தாத்தா எந்தச் சந்துக்குள்ளும் தயங்காமல் நுழைவார்.

இந்த வண்டியின் கட்டுமானத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். பின்னால் வரும் எல்லாச் சிக்கலும் இதிலிருந்துதான். 1950-களில் மற்ற கம்பெனிகள் பாடியையே சேசிஸாகச் செய்யும் முறைக்குப் போய்க்கொண்டிருந்தன. டிரையம்ப் கார்களைத் தயாரித்த ஸ்டாண்டர்டு-டிரையம்ப் கம்பெனிக்குப் பாடி அடித்துக் கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியை 1953-இல் போட்டியாளரான பிஎம்சி வாங்கிவிட்டது. முழு பாடியை ஒரே இடத்தில் செய்ய வழியில்லாமல், துண்டு துண்டாக வெவ்வேறு இடங்களில் அடித்து, தனிச் சேசிஸின் மேல் போல்ட் போட்டு இணைக்கிற மாதிரி ஹெரால்டை வடிவமைத்தார்கள். கூரை தனி, பின் பாதி தனி, முன் பாதி தனி. எல்லாம் போல்ட்.

அதனால் யார் வேண்டுமானாலும் ஹெரால்டைக் கழற்றலாம். திரும்பப் பூட்டும்போதுதான் ஆள் யார் என்று தெரியும். பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவில் மெல்லிய தகடுகள் வைத்துத்தான் கதவின் இடைவெளி சரிசெய்யப்படுகிறது. ஒரு தகடு கூடினாலோ குறைந்தாலோ கதவு மேலே ஏறும், அல்லது கீழே உரசும். கீழே இருக்கும் சேசிஸ் வளைந்திருந்தால் எத்தனை தகடு வைத்தும் பயனில்லை. இணைப்புகள் அதிகம் என்பதால் தண்ணீர் தங்கும் இடங்களும் அதிகம்.

முதல் தேர்வு

முதல் பட்டறை ஒரு பெரிய நகரத்தில். ஊரையும் பெயரையும் விட்டுவிடுகிறேன். தம்பியின் நண்பர் கல்யாணத்துக்கு அங்கிருந்து ஒரு பழைய கார் வந்திருந்தது. பார்க்க அவ்வளவு அழகு. நேரே போனோம். வாசலில் முடித்து வைத்த வண்டிகள் நான்கு, கண்ணாடி அறைக்குள் விளக்கு வெளிச்சத்தில். உரிமையாளர் நன்றாகப் பேசினார். கேள்வி கேட்டது நான், பதிலெல்லாம் தம்பிக்குப் போனது. அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது யோசித்தால், வண்டியைப் பற்றி அதிகம் தெரிந்திருந்த ஆளிடம் பேசாமல், எளிதில் தலையாட்டும் ஆளிடம் பேசினார் என்று படுகிறது.

வண்டியை லாரியில் ஏற்றி அனுப்பினோம். இறக்கிய 20 நிமிடத்தில் விலை சொன்னார்: 3 லட்சத்து 25 ஆயிரம், நான்கு மாதம், எல்லாம் அடக்கம். எதையும் கழற்றவில்லை. கீழே குனிந்துகூடப் பார்க்கவில்லை. எங்களுக்கோ அது நிம்மதியாக இருந்தது. ஒரே தொகை, ஒரே தேதி, கவலை இல்லை.

இந்த இடம்தான் எங்கள் முதல் தவறு என்பது என் தீர்மானம். 25 வருஷம் நின்ற ஹெரால்டைக் கழற்றாமல் யாராலும் விலை சொல்ல முடியாது. சொன்ன தொகைக்குள் வேலையை அடக்கவேண்டும் என்றால், துரு வெளியே வரும்போது இரண்டு வழிதான்: கைக்காசு போடுவது, அல்லது மூடிவிடுவது. முழுத்தொகை பேசும்போதே மூடுவதற்கான காரணத்தை நாமே கொடுத்துவிடுகிறோம்.

முன்பணம் 2 லட்சம் கொடுத்தோம். வாட்ஸ்அப்பில் படங்கள் வந்தன. எல்லாம் பெயின்ட் அடித்த பிறகு எடுத்த படங்கள். வெல்டிங் படம் ஒன்றுகூட இல்லை. ‘நேரில் வந்து பார்க்கலாமா?’ என்று கேட்டபோதெல்லாம், ‘அடுத்த வாரம் வாங்க, இப்ப பார்த்தா ஒண்ணும் புரியாது’ என்றார்கள். நடுவில் ஊரடங்கு வந்தது. அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. இன்னொரு லட்சம் கேட்டார்கள், அனுப்பினோம். 11-வது மாதம் வண்டி வந்தது.

திறந்து பார்த்தபோது

ஜாக்கி உள்ளே போன அன்று ராத்திரி, பிரிட்ஜில் ஒட்டியிருந்த மகளின் வண்ணத்துப்பூச்சிக் காந்தத்தை எடுத்துக்கொண்டு போய் வண்டியைச் சுற்றி வைத்துப் பார்த்தேன். பானட்டில் ஒட்டியது. கதவின் மேல் பாதியில் ஒட்டியது. கதவின் கீழ்ப்பாதி, பின் சக்கர வளைவு, டிக்கியின் ஓரம், எங்கேயும் ஒட்டவில்லை. அங்கெல்லாம் தகடு இல்லை, பட்டி. பிறகு சுரண்டியபோது சில இடங்களில் அரை அங்குலத்துக்கு மேல் பட்டி இருந்தது, உள்ளே கொசுவலைக் கம்பி வைத்து.

பாடியையும் கிளைகளையும் இப்படி மூடியிருந்தார்கள் என்றால், என்னை அதிகம் பயமுறுத்தியது வேறொன்று. ஹெரால்டின் முன் சக்கரம் திரும்புவதற்குக் கீழே ட்ரனியன் என்று ஒரு வெண்கலத் துண்டு இருக்கிறது. அதற்குள் நிமிர்ந்த இரும்புத் தண்டு மரையில் இறங்கியிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழல்கிறது. அதற்குக் கெட்டியான கியர் ஆயில் விடவேண்டும், பட்டறை மொழியில் தொண்ணூறாம் நம்பர். துளையைப் பார்த்ததும் கிரீஸ் கன்னை வைத்து அடித்துவிடுவது எல்லாரும் செய்யும் தப்பு. கிரீஸ் மரைக்குள் போகாமல் வாசலிலேயே இறுகும். தண்ணீர் உள்ளே தங்கி, தண்டு துருப்பிடித்து, ஒரு நாள் ஒடியும். சக்கரம் அப்படியே மடியும். எங்கள் வண்டியில் இரண்டு பக்கமும் கிரீஸ். அதே வண்டியில் அம்மாவை வைத்துத் திருச்சி வரை போய்வந்திருந்தோம்.

அப்புறம் காணாமல் போனவை. பழைய கதவுக் கைப்பிடிகள், சக்கர மூடிகள் இரண்டு, பழைய சோலெக்ஸ் கார்புரேட்டர். ‘எதுவும் உதவாதுன்னு தூக்கிப் போட்டாச்சு’ என்றார்கள். முன் கண்ணாடியைச் சுத்தம் செய்யும்போது தாத்தா ஒட்டிய சிலுவையை பிளேடு வைத்துச் சுரண்டியிருந்தார்கள். அதை யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அம்மா அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

இரண்டாவது தேடல்

ஒரு வருஷம் வண்டியைத் தொடவில்லை. மனசு ஆறவில்லை. 2021 கடைசியில் மறுபடி தேடத் தொடங்கினோம். இந்த முறை வாசலில் நிற்கும் வண்டிகளைப் பார்ப்பதில்லை என்று முடிவு செய்தேன். ஒவ்வொரு பட்டறையிலும் கேட்டது ஒன்றுதான்: ‘ஐந்து வருஷத்துக்கு முன்னால் முடித்துக் கொடுத்த வண்டி ஏதாவது பக்கத்தில் இருக்கிறதா? உரிமையாளர் சம்மதித்தால் பார்க்கவேண்டும்.’ புதிதாக முடித்த வண்டி எல்லாமே அழகாகத்தான் இருக்கும். பட்டிக்கு அடியில் இருக்கும் துரு பெயின்டைக் கொப்புளமாகத் தூக்க இரண்டு மூன்று மழைக்காலம் ஆகும். ஐந்து வருஷ வண்டி பொய் சொல்லாது.

இந்தக் கேள்விக்கே இரண்டு பட்டறைகள் விலகிவிட்டன. மூன்றாவது ஒன்று, யுத்தத்துக்கு முந்தைய வெளிநாட்டு வண்டிகளை மட்டும் எடுப்பவர்கள். ஹெரால்டு அவர்களுக்குச் சின்ன வேலை.

நான்காவதாகச் சென்னை புதுப்பேட்டையில் ஒரு வயதான மெக்கானிக். பழைய உதிரி பாகம் தேடி அலைபவர்களுக்குப் புதுப்பேட்டையைச் சொல்லவேண்டாம். அவரிடம் படங்களைக் காட்டி, ‘அண்ணா, நீங்க எடுத்துக்கறீங்களா?’ என்றேன். ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“அம்பாசிடர்னா கண்ணை மூடிட்டுச் செய்வேன்மா. பியட்டும் செய்வேன். ஹெரால்டுல என்ஜின் வேலை தெரியும், பாடி உக்கார வைக்கறது எனக்கு வராது. தெரியாததை எடுத்து உங்களை அழவைக்கக் கூடாது. கோயம்புத்தூர்ல ஒரு பாய் இருக்காரு. அவர்கிட்ட போங்க.”

இரண்டரை வருஷத்தில் ‘எனக்குத் தெரியாது’ என்று ஒரு தொழில்காரர் சொல்லி அப்போதுதான் கேட்டேன். அவர் காட்டிய ஆளை அந்த நிமிடமே பாதி நம்பிவிட்டேன் என்பது உண்மை. தன் எல்லை தெரிந்தவர், எல்லைக்கு அப்பால் யார் இருக்கிறார் என்பதையும் சரியாகத்தான் தெரிந்து வைத்திருப்பார்.

கோவையில் பாயின் பட்டறைக்குப் பெயர்ப்பலகை இல்லை. தகரக் கூரை, ஒரு வேப்பமரம், மூன்று ஆட்கள். சேசிஸ் ஒன்று தரையில் கிடந்தது, அதன் நான்கு மூலையிலிருந்தும் கொத்தனார் வைத்திருப்பாரே, அந்தத் தூக்குக்குண்டு தொங்கியது. தரையில் சுண்ணாம்புப் புள்ளிகள். மூலைக்கு மூலை நூல் பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். இரண்டு மூலைவிட்டமும் ஒரே நீளம் வந்தால் சேசிஸ் நேராக இருக்கிறது. கம்ப்யூட்டர் அளவுமானி எதுவும் இல்லை. இருந்தாலும், அளந்துவிட்டுத்தான் வெல்டிங் என்கிற பழக்கம் அங்கே இருந்தது. கண்ணாடி அறைப் பட்டறையில் ஒரு நூல்கூடப் பார்த்ததாக நினைவில்லை.

நான் கேட்பதற்கு முன் அவர் கேட்டார்.

“வண்டி எங்கேங்கம்மா நின்னுச்சு? வீட்டுக்குள்ளயா, வெளியவா?”

“கொட்டகையில பாய். ஓலைக் கூரை.”

“பக்கத்துல மாடு கட்டுவீங்களா?”

கட்டுவோம். இரண்டு பசு, இடது பக்கம். மாட்டு மூத்திரத்திலிருந்து எழும் ஆவி இரும்பைத் தின்னும், அதனால் இடது பக்கக் கிளைகள் வலது பக்கத்தைவிட மோசமாக இருக்கும் என்றார். வண்டியை அவர் இன்னும் பார்க்கவே இல்லை. ஜாக்கி உள்ளே போனது இடது பக்கம்தான்.

ட்ரனியனில் என்ன விடுவீர்கள் என்று கேட்டேன். ‘தொண்ணூறு ஆயில்தான்மா. ஏன், கிரீஸ் அடிச்சுட்டாங்களா?’ என்று அவரே கேட்டுவிட்டு, தலையில் கைவைத்துக்கொண்டார். கிளட்சை மிதித்தால் கிராங்க் (என்ஜினுக்குள் சுழலும் முக்கியத் தண்டு) முனையில் இருக்கும் புல்லி முன்னால் நகர்கிறதா என்றும் கேட்டார். இந்த என்ஜின்களில் கிராங்கின் தள்ளலைத் தாங்கும் அரைவட்ட வாஷர்கள் தேய்ந்து கீழே விழுவது உண்டாம். அப்படி விழுந்திருந்தால் பிளாக்கே கெட்டிருக்கும். எனக்குத் தெரியவில்லை. ‘சரி, நாம பார்த்துக்கலாம்’ என்றார்.

அவர் முடித்த பழைய வண்டி ஒன்று, எட்டு வருஷமானது, பொள்ளாச்சியில் இருந்தது. போய்ப் பார்த்தோம். அந்த வீட்டுக்காரர் வண்டியைப் பற்றிச் சொன்னதைவிட, பாயைப் பற்றிச் சொன்ன ஒன்று முக்கியமாகப் பட்டது: சொன்ன தேதியைத் தாண்டி ஐந்து மாதம் ஆனது, ஆனால் ஒவ்வொரு தாமதத்துக்கும் காரணத்தை நேரில் காட்டினார். என் காந்தத்தை எடுத்துப் போயிருந்தேன். எல்லா இடத்திலும் ஒட்டியது.

விலை கேட்டபோது பாய் சொல்லவில்லை. ‘பாடியை இறக்கிக் கழுவி, கீழ இருக்கறதைப் பார்த்துட்டுச் சொல்றேன். கழட்டறதுக்கு மட்டும் 15,000 குடுங்க. பார்த்துட்டு வேற யார்கிட்டயாவது குடுக்கணும்னா தாராளமா எடுத்துட்டுப் போங்க.’ அன்றே முடிவு செய்துவிட்டோம்.

தாளில் எழுதிக்கொண்டது

பாய்க்குத் தாளில் எழுதுவதில் பழக்கமில்லை, எங்களுக்கு அது வேண்டியிருந்தது. பேசித் தமிழில் ஒரு பக்கம் எழுதினோம். வேலையை ஐந்து கட்டமாகப் பிரித்தோம்: கழற்றிப் பார்ப்பது, சேசிஸ், பாடி, என்ஜினும் ஓட்டப் பாகங்களும், பெயின்ட்டும் குஷனும். ஒரு கட்டம் முடிந்து நேரில் பார்த்த பிறகுதான் அதற்குப் பணம், அடுத்ததற்குப் பொருள் வாங்கும் அளவுக்கு மட்டும் முன்பணம். எந்த இடத்தையும் மூடுவதற்கு முன் படம் அனுப்பவேண்டும்: துருவை வெட்டிய பிறகு ஒன்று, வெல்டிங் முடிந்து ஒன்று, துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பூச்சு அடித்த பிறகு ஒன்று. கழற்றிய எதையும் எறியக் கூடாது, உடைந்த நட்டாக இருந்தாலும் எங்களிடம் திரும்பவேண்டும். உதிரி பாகங்களை நாங்களே வாங்கித் தருவோம். அசல் ஆர்சி புத்தகம் எங்களிடமே இருக்கும், நகல் மட்டும் பட்டறையில்.

மூடுவதற்கு முன் படம் என்கிற அந்த ஒரு வரிக்காக மட்டும் எழுதியிருந்தாலும் போதும் என்று இப்போது நினைக்கிறேன்.

வேலை

முதலில் கதவுத் திறப்புகளின் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துப் பற்றவைத்தார்கள். அப்படிச் செய்யாமல் பாடியைத் தூக்கினால் நடுவில் மடங்கி, பிறகு எந்தக் கதவும் எந்தக் காலத்திலும் சரியாக மூடாது. முதல் பட்டறையில் பாடியை இறக்கவே இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. கீழேயிருந்து எட்டிய இடத்தில் மட்டும் தகடு ஒட்டியிருந்தார்கள்.

சேசிஸின் இரண்டு நடுத் தண்டுகளைப் பாய் சுத்தியால் தட்டித் தட்டிக் கேட்டார். கணீரென்ற சத்தம் வந்த இடத்தில் சுண்ணாம்பால் டிக், மந்தமாக வந்த இடத்தில் வட்டம். நடுத் தண்டுகளில் மூன்றே வட்டம். பக்கக் கிளைகள் எல்லாமே போயிருந்தன. டிக்கிக்கு அடியில் போகும் கிளைகளும்.

இந்தக் கட்டத்தில் ஒரு தூண்டுதல் வந்தது. வேறொரு கழித்த ஹெரால்டின் சேசிஸ் முழுசாகக் கிடைத்தது, விலையும் குறைவு. வேலை மூன்று மாதம் மிச்சமாகும். ஆனால் அப்போது இது எந்த வண்டி? தாத்தா ஓட்டியதா, வேறு யாரோ ஓட்டியதா? இந்தக் கேள்வி நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. பிரான்சில் நடக்கும் லே மான்ஸ் கார்ப் பந்தயத்தை 1929, 1930-இல் வென்ற ‘ஓல்டு நம்பர் ஒன்’ பென்ட்லியைப் பல வருஷம் மாற்றி மாற்றிக் கட்டியதில் முதல் வண்டியின் பாகம் மிகக் கொஞ்சம்தான் மிஞ்சியிருந்தது. ஒரு கோடி பவுண்டு பேரத்தில், வாங்க ஒப்புக்கொண்டவர்கள் இது அந்த வண்டியே அல்ல என்று பின்வாங்க, 1990-இல் லண்டன் உயர் நீதிமன்றம், வண்டியின் வரலாறு அறுபடாமல் தொடர்கிறது, அதனால் இது அதே வண்டிதான் என்று தீர்ப்பளித்தது. பாயிடம் இதைச் சொன்னேன். ‘நம்மளுக்கு கோர்ட்டெல்லாம் எதுக்குங்கம்மா. நடுத்தண்டு நல்லா இருக்கு. கிளையை மட்டும் புதுசா அடிச்சு வைக்கறேன்’ என்றார். அப்படியே செய்தார். 16 கேஜ் தகட்டில் மடித்து, பழைய கிளையின் அளவுக்கு ஒவ்வொன்றாக. மூன்று மாதம் அதற்கே போனது.

என்ஜினைப் பாய் தொடவில்லை. கோவையிலேயே ஒரு லேத் பட்டறைக்கு அனுப்பினார். அவர்கள் போரை, அதாவது சிலிண்டர் துளையை, 20 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு) பெரிதாக்கி, கிராங்கைக் கிரைண்டிங் செய்து கொடுத்தார்கள். வாஷர்கள் விழவில்லை, நூலிழையில் தப்பியிருந்தது. ட்ரனியன், நிமிர்ந்த தண்டு, பிரேக் சிலிண்டர்களை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தோம். ஹெரால்டின் முன்பக்க அமைப்பைத்தான் டிரையம்ப் ஸ்பிட்ஃபயரும் எடுத்துக்கொண்டது, அதனால் அங்கே இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். சுங்கவரிதான் வலித்தது.

வண்ணத்துக்கு ஒரு நாள் முழுக்கப் பேசினோம். அம்மாவுக்கு ஞாபகம் ‘ஒரு மாதிரிப் பச்சை’. டிக்கிக்குள் பக்கவாட்டில் இருக்கும் பெட்ரோல் டேங்கைக் கழற்றியபோது அதன் பின்னால் ஒரு கை அகலத்துக்கு வெயில் படாத அசல் பெயின்ட். வெளிர் பச்சை, கொஞ்சம் சாம்பல் கலந்தது. பாய் அதைத் தொடாமல் வைத்திருந்து, அம்மாவை வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினார். ‘இதேதான்’ என்று அம்மா சொன்ன பிறகுதான் பெயின்டரிடம் மாதிரி போனது. பழைய காலத்து என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்டா, இப்போதைய பி.யு. (பாலியூரிதேன்) பெயின்டா என்பதில் எனக்கு என்.சி.மேல் ஆசை இருந்தது, அதன் மினுமினுப்பு மென்மையாக இருக்கும். வெயிலில் நிற்கும் வண்டி, வருஷா வருஷம் பாலிஷ் போட முடியுமா என்று பெயின்டர் கேட்டார். பி.யு.வுக்குச் சம்மதித்தேன்.

மாற்றலாமா, எவ்வளவு?

முதல் பட்டறையில் மாருதி ஆம்னி என்ஜின் வைத்துவிடலாம் என்றார்கள். ‘ஏசியும் வரும், யாரும் செக் பண்ண மாட்டாங்க’ என்று. நல்லவேளை, அதற்கு மட்டும் நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டி மாறக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. என்ஜின் மாற்ற வேண்டுமானால் ஆர்டிஓ அலுவலகத்தில் முறையாக அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற்றவேண்டும்.

2021 ஜூலையில் பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனி விதிகள் வந்தன. 50 வயதைத் தாண்டி, அசல் வடிவில் இருந்து, சேசிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டணத்தில் பத்து வருஷப் பதிவு, ‘வி.ஏ.’ எழுத்துடன் தனி நம்பர். ஆனால் அப்படிப் பதிந்தால் தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல், பழுதுபார்ப்பு என்று சிலவற்றுக்கு மட்டும். அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகவேண்டும். அதனால் வழக்கமான பதிவையே புதுப்பித்துக்கொண்டோம். என்றாலும் அந்த விதியின் அளவுகோலை நாங்களாகவே ஏற்றுக்கொண்டோம்: திரும்பப் பழையபடி ஆக்க முடியாத எதையும் செய்வதில்லை. ரேடியல் டயர் போட்டோம், சீட் பெல்ட் போட்டோம். இரண்டையும் நாளைக்கே கழற்றலாம்.

கணக்கு

சேசிஸும் பாடியும் 2,10,000. இறக்குமதிப் பாகங்கள் வரியோடு 1,10,000. பெயின்ட் 95,000. என்ஜின் 85,000. குஷன் 40,000. குரோம் முலாம் 35,000. மொத்தம் 5,75,000 ரூபாய், 17 மாதம். பாய் முதலில் சொன்னது 12 மாதம். விற்றால் இந்தப் பணம் திரும்பாது. முதல் பட்டறைக்குக் கொடுத்த 3 லட்சத்தில் உருப்படியாக மிஞ்சியது கண்ணாடி ரப்பர் பீடிங்கும் பேட்டரியும்தான்.

வண்டியோடு ஒரு அட்டைப்பெட்டியும் வந்தது. ஹார்லிக்ஸ் பாட்டில்களில் பழைய நட்டு போல்ட், ஒவ்வொன்றிலும் எங்கிருந்து கழற்றியது என்று எழுதிய சீட்டு. பழைய கிளைகளின் துண்டுகள், சாக்கில். ஒரு பிளாஸ்டிக் உறையில், பின் சீட்டுக்கு அடியில் கிடைத்தவை: ஒரு ஊசி மருந்துக் குப்பி, பாதி அழிந்த ஒரு மருந்துச் சீட்டு, தாத்தாவின் கையெழுத்தில். அம்மா அதைப் பூஜை அறையில் வைத்திருக்கிறார்.

இப்போது

ஆறு மாதத்துக்கு ஒரு முறை ட்ரனியனுக்கு ஆயில் விடுகிறேன், நானே. ஐப்பசி பிறந்ததும் பாய் போன் செய்வார்: ‘கால் வைக்கற மேட்டைத் தூக்கி ஈரம் இருக்கான்னு பாத்தீங்களா?’

போன மழைக்காலத்தில் பின் இடது சக்கர வளைவில் மிளகு அளவுக்கு ஒரு கொப்புளம் தெரிந்தது. நெஞ்சு அடைத்துவிட்டது. படம் எடுத்து அனுப்பினேன், உடனே கொண்டுவரச் சொன்னார். கோவையில் என் கண் முன்னால் அந்த இடத்தைச் சுரண்டினார். அடியில் தகடு உறுதியாகத்தான் இருந்தது, இரண்டு தகடு சேரும் விளிம்பில் ஒரு விரல் நீளத்துக்கு சீலர் (தண்ணீர் புகாமல் இடுக்கை அடைக்கும் பசை) விட்டுப்போயிருந்தது. நாங்கள் வைத்திருந்த படங்களில் 2022-இல் எடுத்த அதே இடத்தைத் தேடிப் பார்த்தோம். படத்திலும் அந்த இடைவெளி தெரிந்தது. அன்று எங்கள் இருவர் கண்ணிலும் படவில்லை.

“இது என் தப்புங்கம்மா. வலது பக்கமும் இப்படி விட்டிருப்பேனான்னு பார்க்கணும். வண்டியை ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க.”

வலது பக்கம் சரியாக இருந்தது. கூலி வாங்கவில்லை. பெயின்டுக்கு மட்டும் 1,800 ரூபாய் கொடுத்தேன். அந்தப் புதுப் படத்தையும் மற்ற படங்களோடு சேர்த்து, தேதி போட்டு வைத்திருக்கிறேன்.